ஏற்றத் தண்ணீரில் வந்த காவேரி

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் நான் எழுதியது என்று பார்த்தால் மளிகைச் சாமான் சீட்டும், மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும் பார்சல் மேல் முகவரியும்தான். வாக்கியம் கோணலாகப் போகும். மறதி வேறு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். காகிதத்துக்கு முகம் இல்லை என்பதால்தான் இவ்வளவு தைரியம்.

நான் சொல்ல வந்தது காவேரியைப் பற்றி. ஆனால் நீங்கள் நினைக்கிற காவேரி மட்டும் இல்லை. இந்தத் தீவுகளில் எனக்குத் தெரிந்து காவேரி என்ற பேரில் ஒரு நாலா, அதாவது ஓடை, இருக்கிறது, ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது, ஒரு டீக்கடை இருக்கிறது, ஒரு தண்ணீர் லாரி இருக்கிறது. ஒரு கப்பலும் இருந்தது. அந்தக் கப்பலுக்கு நான் பட்ட கடன் பெரிது.

குளித்தலைக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். அந்த ஆற்றைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் உறுதியாகத் தெரியும். அது மேற்கிலிருந்து வந்து கிழக்கே போகும். மேலே விட்டது கீழே போய்விடும், திரும்பி வராது. ஆறு என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆகி கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து இன்னொரு கப்பலில் ஹட் பே வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் தமிழ் பேசுகிற பெண்கள் மூன்றே பேர். ஒன்று நான். இன்னொருத்தி ராமநாதபுரம் பக்கம். மூன்றாவது அக்கா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அக்கம் பக்கம் எல்லாம் பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள். எல்லாரோடும் ஹிந்திதான். எனக்கு அப்போது ஹிந்தியில் 'நஹி' மட்டும் தெரியும். எதைக் கேட்டாலும் நஹி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

முதல் ஆடி மாதம் வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு ஆறு வேண்டுமே. ஆடியில் காவேரி மசக்கையாக இருப்பாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால்தான் வாய்க்கு ருசியாக எலுமிச்சம் சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போவோம். காதோலை, கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் வைத்து விளக்கேற்றி தண்ணீரில் விடுவோம். இங்கே லைனுக்குப் பின்னால் ஒரு நாலா ஓடியது. காட்டுக்குள்ளிருந்து வந்து கொஞ்ச தூரத்தில் கடலில் சேரும். சிலோன் அக்காதான், "தண்ணி தண்ணிதானே புள்ள, இதையே காவேரின்னு வச்சிக்குவோம்" என்றார். மூன்று பேரும் போனோம். பாக்கு மட்டைத் தட்டில் எல்லாவற்றையும் வைத்து, விளக்கேற்றி, கும்பிட்டு விட்டோம்.

தட்டு கடல் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, எங்களைத் தாண்டி, காட்டைப் பார்த்து மேலே போக ஆரம்பித்தது. விளக்கு எரிந்தபடியே போகிறது. ராமநாதபுரத்துக்காரி அழுதே விட்டாள். காவேரி வாங்கிக்கொள்ளவில்லை, நமக்கு என்ன வரப்போகிறதோ என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சிலோன் அக்கா மட்டும், "ஆத்தாடி, ஆறு நம்மள வெரட்டிக்கிட்டு வருதே, ஓடுங்கடி!" என்றார்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா அப்போது அங்கே துணி அலசிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் பௌதி என்று கூப்பிடுவார்கள், அவர்கள் பாஷையில் அண்ணி என்று அர்த்தம். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி தண்ணீரில் போய்விட்டது. "அரே, நதி பாகல் நஹி ஹுவா! ஜுவார் ஹை, ஜுவார்!" என்றார். ஆற்றுக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை என்கிறார். கடல் தண்ணீர் ஏறுகிற நேரத்துக்கு அவர்கள் சொல்லும் பேர் ஜுவார். அந்த நேரத்தில் கடல் நாலாவுக்குள் புகுந்து மேலே தள்ளும். தண்ணீர் இறங்கும்போது நாலா கடலைப் பார்த்து ஓடும். ஆற்றங்கரையில் பிறந்த மூன்று பேருக்கும் இது தெரியவில்லை. "அக்லா சால் பெஹலே ஹம்கோ பூச்னா" என்று சொல்லிவிட்டு, போன துணியைப் பிடிக்க ஓடினார். அடுத்த வருஷம் முதலில் என்னைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அர்த்தம். அவர் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போகிறவர். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் அந்த வீட்டில் அடுப்பு எரிவது மாதிரி தெரிந்த விஷயம்.

அன்றிலிருந்து ஆடிப் பெருக்குக்கு நாங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பௌதியைக் கேட்போம். எப்போது இறங்கும் என்று அவர் சொல்கிறாரோ அதுதான் நல்ல நேரம். சுனாமிக்குப் பிறகு நாலாவின் வாய் அகலமாகிவிட்டது. முதலை நடமாட்டம் என்று பலகையும் வைத்துவிட்டார்கள். தண்ணீரில் கால் வைக்க முடியாது. அதற்கும் ஒரு வழி வந்தது. ரோட்டுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, பாக்கு மட்டைத் தட்டை ஒரு வாளிக்குள் வைத்து, கயிறு கட்டி மெதுவாக இறக்குவோம். வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் வாளி சாயும், தட்டு மிதந்து போகும். விளக்கு அணையாமல் சுண்டுவது லேசான வேலை இல்லை. ராமநாதபுரத்துக்காரி அதில் கெட்டிக்காரி. நாங்கள் குரவை இடுவோம், பௌதி அவர்கள் வழக்கப்படி உலு சத்தம் கொடுப்பார், தெலுங்குப் பெண்கள் மஞ்சள் குங்குமம் கொண்டு வருவார்கள். எந்த ஆற்றங்கரையிலும் இப்படி ஒரு பெருக்கு நடந்திருக்காது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

இப்படியே அந்த நாலாவுக்குக் காவேரி என்று பேர் நின்றுவிட்டது. யாரும் உட்கார்ந்து வைத்த பேர் இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது ராஞ்சிக்கார கண்டக்டர், "காவேரி! காவேரி உத்ரோ!" என்று கத்தினார், உத்ரோ என்றால் இறங்கு. என்னைத்தான் திட்டுகிறாரோ என்று பயந்து எழுந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, எங்கள் பாலம் ஸ்டாப் ஆகியிருக்கிறது. குளித்தலைக்கு எந்தப் பக்கம் என்று கூடத் தெரியாத ஒரு மனிதர் வாயில் அந்தப் பேர் வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

தோட்டம் மூடிய பிறகு எங்கள் வீட்டுக்காரர் கப்பல் அணையும் ஜெட்டிக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டார். என்ன பேர் வைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடையில் இருந்தபோதுதான் கப்பல் வந்தது. வெள்ளைக் கப்பல், இடுப்பில் நீலக் கோடு. பெரியது என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பேர் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஏய், இங்க வா! உங்க ஊரு ஆளு வந்திருக்கா பாரு!"

"யாரு?"

"காவேரிதான். ஒன்னத் தேடிக்கிட்டுக் கடல்லயே வந்துட்டா. டீ போடவா, ஒங்கம்மா வீட்டு ஆளுன்னா காசு வாங்க முடியாதே!"

அந்தக் கப்பல் வந்து அணைவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. மழைக்குள்ளிருந்து முதலில் நீலக் கோடு மட்டும் தெரியும். அப்புறம் மெல்ல முழு உருவம் வரும். கயிறு வீசுகிற கலாசிகளுக்கெல்லாம் தலைவர் ஒரு சாரங். தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் அம்மா தமிழ் என்பார்கள். உடைந்த தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார். அலை கப்பலைத் தூக்கும், இறக்கும். ஏணிப் பலகையும் கூடவே ஏறி இறங்கும். சாரங் அந்தப் பலகை முனையில் நின்று, இறங்குகிற நேரம் பார்த்து, "சலோ!" என்பார். ஒரு ஆள் ஏறும். கையை நீட்டித் தடுப்பார். மறுபடி "சலோ!" கிழவி, குழந்தை, கோழிக்கூடை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் பத்திரமாக ஏறிவிடும். எனக்கு அந்தப் பலகை என்றால் மரண பயம். ஏறவே மாட்டேன். ஏற வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

என் பெண் தலைச்சன் பிள்ளைக்கு நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு ஹேவ்லாக் தீவில் சுற்றுலாப் படகில் வேலை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். சொன்ன அன்றிலிருந்து கடல் கொந்தளிப்பு. வர வேண்டிய கப்பல் வரவில்லை. மழையில் ஹெலிகாப்டரும் பறக்கவில்லை. பெண்ணுக்குக் கால் வீங்கிக்கொண்டே போகிறது. நான் கடையில் போவோர் வருவோர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பேன், யாராவது கப்பல் என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்களா என்று.

கடைசியில் அறிவித்தார்கள். காவேரி வருகிறது, மதியம் அணையும், ஆள் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடும். அன்றைக்குத்தான் ஆடிப் பதினெட்டு.

"பாலத்துக்குப் போய்ட்டுத்தான் கப்பலேறுவேன்" என்றாள் பெண். இந்தத் தீவில் பிறந்தவள், அந்தக் காவேரியைத் தவிர வேறு காவேரி பார்த்ததில்லை. அவளுக்கு அது வெறும் நாலா இல்லை. சரியென்று எப்போதும் போகிற நேரத்துக்கு முன்னாலேயே போனோம். பௌதி அன்று காலையிலேயே மீன் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டார். கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, மனசெல்லாம் கப்பலில் இருந்தது.

பெண்ணே கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினாள். அழகாகச் சுண்டினாள், விளக்கு அணையவில்லை. தட்டு கொஞ்சம் தயங்கியது. பிறகு திரும்பியது. பாலத்துக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, காட்டைப் பார்த்துப் போனது. போகும்போது ஒரு கிளையில் தட்டி விளக்கு அணைந்தது.

அவள் கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் போட்டாள். ஜெட்டிக்கு வந்து மதியம் வரை காத்திருந்தோம்.

கப்பல் வந்து அணைந்துவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவள் தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வரல."

"என்னடி சொல்ற?"

"காவேரி வாங்கிக்கலம்மா. வெளக்கும் அணைஞ்சு போச்சு. நான் கப்பல்ல ஏறினா என் புள்ள தங்காது."

வீட்டுக்காரர் குனிந்து, "அடி என் தங்கமே, தட்டு திரும்பினா என்ன, டிக்கட்டு திரும்பாதுடி. கேன்சல் பண்ணினாலும் பாதிக்காசுதான் தருவான்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் கல்லாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு முதல் வருஷத்துத் தட்டு ஞாபகம் வந்தது. பௌதியின் சிரிப்பும் ஞாபகம் வந்தது. எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியாது. "ஜுவார்டி! அது ஜுவார்!" என்று கத்தினேன். "தண்ணி ஏறுற நேரத்துல விட்டுட்டோம், அவ்வளவுதான். காவேரிக்கு ஒன்மேல என்னடி கோபம்?"

"நீ சும்மா சொல்ற. என்னைய ஏத்தணும்னு சொல்ற."

என்ன ஆச்சு, சீக்கிரம் ஏறுங்கள் என்று பலகை முனையிலிருந்து சாரங் கூப்பிட்டார். "அரே அம்மா, க்யா ஹுவா? ஜல்தி கரோ!"

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். தாலி திரும்பி வந்தது, பேட்டி பயப்படுகிறாள், ஜுவார் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள் என்று. தட்டுக்கு அவர்கள் பாஷையில் தாலி என்று பேர், மகளுக்குப் பேட்டி. எங்கள் வீட்டுக்காரர் ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாரங் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் பெண் முன்னால் குந்தினார். ஜெட்டித் தூண்களைக் காட்டினார். தூணில் ஈரம் இல்லாத இடமே இல்லை, தண்ணீர் அவ்வளவு மேலே நின்றது.

"பேட்டி, இங்க கீழ மிட்டி, மண்ணு சேந்து போச்சு. தண்ணி ஏறாம நம்ம கப்பல் உள்ள வராது. சுபாஸே, காலையிலேந்து நாங்க வெளிய நின்னோம், இந்தத் தண்ணிக்காக. ஒன்னோட தாலிய மேல கொண்டு போன தண்ணி, என்னோட காவேரிய உள்ள கொண்டு வந்துச்சு. ஒரே தண்ணி. சமஜ்கயா? இது இறங்கினா நான் போயிடுவேன். அப்புறம் எப்போ வருவேன், இந்தக் கடல் சொல்லணும்."

அவள் அசையவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டுச் சொல்றீங்க" என்றாள்.

அவர் எழுந்து போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் என் கால் நடந்தது. மருந்துப் பையும் துணி மூட்டையும் என் கையில் இருந்தன. நேராகப் பலகைக்குப் போனேன். வீட்டுக்காரர் சட்டை பக்கத்தில் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன். பலகை ஏறியது, இறங்கியது. "சலோ!" என்றார் சாரங். ஏறிவிட்டேன்.

மேலே போய்த் திரும்பி, "ஒன் மருந்தெல்லாம் என்கிட்ட இருக்கு, துணியும் இருக்கு. நான் போறேன். நான் இல்லாம நீ எப்படிப் பெத்துக்குறன்னு பாக்குறேன்!" என்றேன்.

ஜெட்டியில் இருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. வேறு நாளாக இருந்திருந்தால் வெட்கத்தில் செத்தே போயிருப்பேன்.

"அம்மா, நில்லும்மா! கிறுக்கச்சி மாதிரி பண்ணாத!" என்று கத்திக்கொண்டே அவள் எழுந்தாள். வீட்டுக்காரர் ஒரு பக்கம், ஒரு கலாசி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சாரங் கையை நீட்டித் தடுத்தார். ஒரு அலை போனது, விடவில்லை. இன்னொன்று போனது, விடவில்லை. அந்த மனிதர் தண்ணீரைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது? பால் பொங்கும் நேரத்தில் அடுப்பைப் பார்ப்போமே, அப்படி. பலகை முழுசாக இறங்கி ஒரு நொடி அசையாமல் நின்றது. "சலோ, பேட்டி." கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார். அவள் வீட்டு வாசற்படி ஏறுவது போல ஏறி வந்துவிட்டாள்.

வழியெல்லாம் அலைதான். கப்பல் எழும்பி விழும்போதெல்லாம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த பெண்கள் என் பெண்ணுக்குச் செய்ததை மறக்க மாட்டேன். யாரும் கேட்காமலே கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு நிக்கோபாரி அம்மா, பேச்சே இல்லாமல், வழி முழுவதும் அவள் வீங்கின காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். அவர் இறங்கின பிறகுதான் நான் நன்றி சொல்லவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் கஷ்டம் என்று சொன்னார்கள். அப்புறம் அந்த ஊரிலேயே புரோத்ராபூரில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். அங்கே தண்ணீர்க் கஷ்டம், லாரிதான் வரும். முதல் நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போனால் லாரி நெற்றியில் காவேரி என்று எழுதியிருக்கிறது. யாரோ தஞ்சாவூர்க் காண்டிராக்டர் லாரியாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை காவேரியிலும் வீட்டு வாசலுக்கே நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவள் அவள் ஒருத்திதான்.

குழந்தைக்குக் காவேரி என்றுதான் பேர் வைப்போம் என்று எல்லாரும் நினைத்தோம். பெண் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "நாலா காவேரி, பஸ் ஸ்டாப் காவேரி, டீக்கடை காவேரி, கப்பல் காவேரி, லாரி காவேரி. நான் வாசல்ல நின்னு கூப்பிட்டா யாரு திரும்பிப் பாக்குறது?" வேறு பேர் வைத்தோம்.

அந்தக் கப்பல் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. வேறு கப்பல்கள் வருகின்றன, நன்றாகத்தான் இருக்கின்றன. சாரங் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. பேத்தி வளர்ந்துவிட்டாள், திருச்சியில் படிக்கப் போகப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பிறகு அசல் காவேரியைப் பார்க்கப் போகிறவள் அவள்தான். போய்ப் பார்த்து, அது ஒரே பக்கமாக ஓடுவது அவளுக்கு அதிசயமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெண் மட்டும் இன்றைக்கும் நம்பவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் பாலத்தில் நின்று வாளியை இறக்கும்போது, "அன்னிக்கு நீயும் சாரங்கும் சேந்து நல்லாப் பொய் சொன்னீங்க" என்பாள். தட்டு விட்டது காலையில், கப்பல் அணைந்தது மதியம், நடுவில் தண்ணீர் மாறியிருக்கலாம் என்று கணக்குப் பேசுவாள். "பொய்யா இருந்தாத்தான் என்னம்மா, நீ பலகை ஏறினியே, அது நெஜம்தானே" என்றும் சொல்வாள். அது எனக்குப் போதும்தான். ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை என்று அந்தக் காவேரி மேல் ஒரு சொல் நிற்பதை மனசு ஒப்பவில்லை. அவள் வாங்கிக்கொள்ளாமல் இல்லை. கப்பலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடல் எந்த நாளில் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று துறைமுக ஆபீசில் பழைய கணக்கு இருக்கும் என்று சொல்கிறார்கள். அந்த நாள் சுனாமிக்குப் பின்னால் வந்த ஆடிப் பதினெட்டுகளில் ஒன்று. எந்த வருஷம் என்பதில் எனக்குக் குழப்பம், பேத்தியின் வயதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நாலாவின் தூரம், கப்பலின் நிறம், இவற்றிலும் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். முக்கியமாக அன்று காலையில் ஹட் பேயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா என்று மட்டும் பார்த்து, என் பெண்ணிடம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். எனக்குத் தெரியும்.